ஸ்டேஷன் வாசலில் கூடுங்கள்: நம் புஷ்வாக்கிங் (காட்டு மலைநடை) மன்றத்து நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நடை ஒருங்கிணைப்பாளர் மற்றும் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் புளூ மவுண்டன்ஸ் மலையில் பிளாக்ஹீத் ஊரின் கிராண்ட் கேன்யன் நடைக்கு நான் "வராதவர்" என்று உங்கள் பதிவேட்டில் குறிக்கப்பட்டிருக்கிறேன். அது பற்றிச் செயலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "விதிமுறைகளைப் பார்க்கவும்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. பார்த்துவிட்டேன். பார்த்த பிறகுதான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எழுதும் வேகத்தில் விட்டுப்போகக் கூடாது பாருங்கள். உறுப்பினராவதற்குப் புதியவர்கள் முடிக்க வேண்டிய தகுதி நடைகள் ஏதாவது ஒரு ரயில் நிலையத்து வாசலில் தொடங்கட்டும், ஏதாவது ஒரு ரயில் நிலையத்தில் முடியட்டும். இவ்வளவுதான் நான் கேட்பது.

அன்றைக்கு எவான்ஸ் லுக்அவுட் கார் நிறுத்துமிடத்தில் காலை எட்டு மணிக்குக் கூட வேண்டும் என்பது அறிவிப்பு. சிட்னியின் புறநகரான டூங்காபியில் கார் இல்லாமல் குடியிருக்கும் ஒருத்திக்கு அந்த ஒரு வரி என்ன வேலை வைக்கும் என்று உங்களில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலுக்கு முன்னால் மலைத் தடத்தில் ரயில் நினைத்தபோது வராது. அன்று தண்டவாளப் பராமரிப்பு வேறு, ஆகவே பாதி வழிக்கு மேல் ரயிலுக்குப் பதில் பேருந்து. பிளாக்ஹீத் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. இறங்கியபோது குளிரில் விரல் மடங்கவில்லை. அங்கிருந்து நெடுஞ்சாலையோரமாகப் போய், எவான்ஸ் லுக்அவுட் சாலையில் திரும்பி, எல்லாம் சேர்த்து நாலைந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அந்தச் சாலையில் எந்தப் பேருந்தும் கிடையாது. தார் ரோட்டின் ஓரப் புல்லில் நடந்தேன்.

நடப்பதில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. நடக்கத்தானே உங்களிடம் சேர வந்தேன்?

ஆனால் அந்தச் சாலையில்தான் உங்கள் கார்கள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து போயின. பின் கண்ணாடியில் மன்றத்தின் ஸ்டிக்கர் இருந்ததால் அடையாளம் தெரிந்தது. ஒரு காரில் ஓட்டியவரும் பக்கத்தில் ஒருவரும் மட்டும். பின்சீட்டில் முதுகுப் பைகள் சாய்ந்து உட்கார்ந்து வந்தன. இன்னொன்றில் ஓட்டுநரைத் தவிர ஆளே இல்லை, அவர் எனக்குக் கைகூடக் காட்டினார். யாரோ உள்ளூர்க்காரி காலைநடை போகிறாள் என்று நினைத்திருப்பார். அவரை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன், முன்பின் பார்த்திராத ஒருத்தியை அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவர்கள் நீங்கள். பெயர், கைபேசி எண், அவசரத்துக்கு யாரை அழைப்பது, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்பது வரைக்கும் விண்ணப்பத்தில் எழுதி வாங்கியிருக்கிறீர்கள். "எப்படி வந்து சேர்வீர்கள்?" என்று ஒரு கேள்வி மட்டும் அந்தத் தாளில் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது கார்கள் வரிசையாக நின்றன, மனிதர்கள் இல்லை. நீட்ஸ் கிளென் வழியாக எல்லோரும் இறங்கிவிட்டிருந்தார்கள். நடைத் தலைவரைக் கைபேசியில் அழைத்தேன், கிடைக்கவில்லை. அந்தப் பள்ளத்துக்குள் சிக்னல் இருக்காது என்பது உங்களுக்கும் தெரியும். தனியாகப் பின்னால் இறங்கவில்லை. தனியாக இறங்கக் கூடாது என்பது உங்கள் விதி, நல்ல விதி, அதை மதித்தேன். மதித்ததற்குக் கிடைத்தது "வராதவர்" பட்டம். வந்த வழியே ஸ்டேஷனுக்குத் திரும்பி நடந்தேன். ஆறு கிலோமீட்டர் சுற்றுக்குப் போனவர்களைவிட அன்று நான் அதிகம் நடந்தேன் என்பதையும் பதிவேட்டில் ஒரு மூலையில் எழுதிக்கொள்ளலாம்.

"கார் பகிர்வு ஏற்பாடு இருக்கிறதே, கேட்டிருக்கலாமே" என்று ஒரு குழு உறுப்பினர் பிறகு சொன்னார். எங்கே கேட்பது? யார் காரில் எத்தனை இடம் என்பதெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் பேசப்படுகிறது. வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர்களுக்கு மட்டுமே இடம். உறுப்பினராக வேண்டுமானால் மூன்று தகுதி நடைகள் முடித்திருக்க வேண்டும். அந்த நடைகளுக்குப் போய்ச் சேர யாராவது காரில் இடம் தர வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதையை உங்கள் விதிப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் யாரும் எழுதவில்லை, ஆனாலும் அது கச்சிதமாக நடக்கிறது.

இன்னொரு அண்ணன் இன்னும் அன்பாகப் பேசினார். "லைசென்ஸ் மாத்திடும்மா, ஒரு செகண்ட் ஹேண்ட் கொரோலா எடுத்துரு. எல்லாம் தன்னால சரியாயிடும்." நல்ல மனதோடு சொன்னது, தெரியும். ஆனால் காரும் வாங்கி, ஊரும் பழகி, நாலு வீட்டுச் சிநேகமும் கிடைத்த பிறகு எனக்கு மன்றம் எதற்கு அண்ணா? அதெல்லாம் கிடைக்கும் வரைக்கும்தானே ஒரு மன்றம் வேண்டியிருக்கிறது? மாணவர் விசாவில் வந்த பிள்ளைகள், முதியோர் இல்லங்களில் ஷிப்ட் பார்க்கும் பெண்கள், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து ஆறு நாளும் நாலு சுவருக்குள் இருக்கும் அம்மாக்கள், யாரிடம் கார் இருக்கிறது?

பாதுகாப்பைத் தளர்த்துங்கள் என்று கேட்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் போடிக்காரி. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது எங்கள் மாவட்டமே துடித்தது. மலையேறப் போகிறவர்களைக் கணக்கெடுத்து, தகுதி பார்த்து, முழுத் தீத்தடை நாளில் நடையை ரத்து செய்து, பூங்கா அலுவலகத்தில் இலவசமாகத் தரும் பிஎல்பி என்ற அவசர உதவி சமிக்ஞைக் கருவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிற ஒரு குழு எனக்குப் பெரிய விஷயம். மூன்று நடை என்ன, ஐந்து நடை வையுங்கள், செங்குத்தாக ஏறச் சொல்லுங்கள், பத்து கிலோ சுமக்கச் சொல்லுங்கள். நடைதானே தகுதி? கார் எப்போது தகுதியானது?

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் புஷ்வாக்கிங் வளர்ந்ததே ரயிலில்தான். 1927-ல் சிட்னி புஷ்வாக்கர்ஸ் என்ற நடை மன்றம் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேரிடம் கார் இருந்திருக்கும்? வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மூட்டையோடு ரயிலேறி, மலை ஸ்டேஷனில் இறங்கி நடந்தவர்கள் அவர்கள். நீங்கள் எல்லோரும் படம் எடுத்துப் போட்டிருக்கும் குரோஸ் பள்ளத்தாக்கின் புளூ கம் மரக் காட்டை, வெட்டப்படவிருந்த நேரத்தில், பொருளாதார மந்தத்தின் நடுவே 130 பவுண்டு திரட்டி 1932-ல் மீட்டவர்களும் அந்தக் கூட்டம்தான். முதுகுப்பைக் கடையால் இன்றைக்கும் பெயர் நிற்கிற பேடி பாலின் 1926-ல் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய ஒரு குடியேறி. நடை மன்றத்தில் சேர்ந்தார், வேலை போனது, 1930-ல் வீட்டிலேயே முகாம் சாமான் செய்து விற்க ஆரம்பித்தார். "முதலில் ஒரு கார் வாங்கிவிட்டு வாப்பா" என்று அவரிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஸ்டேஷனிலிருந்து போகத் தகுந்த தடங்கள் இல்லை என்றால் சரி என்று போய்விடலாம். ஆனால் ஹீத்கோட்டில் இறங்கினால் தடம் ஸ்டேஷன் பக்கத்திலேயே தொடங்குகிறது. கார்லூ குளத்தில் காலை நனைத்து, உலூலா அருவியைப் பார்த்து, வாட்டர்ஃபால் ஸ்டேஷனில் ரயிலேறலாம். ஏற்றம், இறக்கம், பாறை எல்லாம் இருக்கிறது, யாருடைய மூச்சு தாங்கும், யாருடையது தாங்காது என்று நடைத் தலைவருக்கு நன்றாகவே தெரிந்துவிடும். வென்ட்வொர்த் ஃபால்ஸ் ஸ்டேஷனிலிருந்து 1836-ல் சார்லஸ் டார்வின் நடந்த ஓடைக்கரை வழியாகவே அருவி வரை போகலாம். கிளென்புரூக்கில் இறங்கினால் ரெட் ஹேண்ட்ஸ் குகைக்குப் போய், பழங்குடியினர் பாறையில் பதித்த கைகளைப் பார்த்துத் திரும்பலாம், அது ஒரு முழு நாள். லூராவில் இறங்கி, குன்றின் விளிம்போடு நடந்து, கட்டூம்பாவில் ஏறலாம். பெரோராவிலிருந்து கவன் வரை கிரேட் நார்த் வாக் என்ற நெடுந்தடத்தின் ஒரு துண்டு இருக்கிறது, அது உங்களில் சிலரையே சோதித்துவிடும். வலு உள்ளவர்களுக்கு ஓட்ஃபர்டிலிருந்து பண்டீனா வரை 26 கிலோமீட்டர் கடற்கரைத் தடம், முடிவில் படகேறினால் குரொனுல்லா ஸ்டேஷன். ஓபல் பயண அட்டையில் வார இறுதிக் கட்டணத்துக்கு வரம்பும் வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் காசை யார் யாருக்குக் கொடுப்பது என்ற தலைவலிகூட மிச்சம்.

கனங்ரா மலைப்பகுதிக்கு ரயில் இல்லை, பேருந்தும் இல்லை, தெரியும். அங்கே உறுப்பினர்கள் போகட்டும். நான் பேசுவது புதியவர்களின் நடைகளைப் பற்றி மட்டும்.

இனி "சமூக" நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன், ஏனென்றால் நம் மன்றத்தின் பெயரில் அந்தச் சொல்லும் சேர்ந்தே இருக்கிறது. வென்ட்வொர்த்வில் மண்டபத்தில் நடக்கும் ஆண்டு விருந்துக்கு உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, டிக்கெட் வாங்கினால் போதும். அதற்கான அறிவிப்பு மட்டும் புதியவர்களுக்குத் தவறாமல் வருகிறது, நினைவூட்டலோடு. போனேன். பிரியாணி நன்றாகவே இருந்தது. "புதியவர்களை இருகரம் நீட்டி வரவேற்கிறோம்" என்று மேடையில் பேனர். அதன் கீழே உட்கார்ந்திருந்த என்னிடம் எந்த ஊர், என்ன விசா, வீட்டுக்காரர் என்ன வேலை என்று வரிசையாகக் கேட்டார்கள். எந்த மலை பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் நாற்காலிகளை அடுக்க ஆள் வேண்டியிருந்தபோது புதியவர்களின் பெயர்கள் எல்லோருக்கும் சட்டென்று நினைவுக்கு வந்துவிட்டன. நம் ஆட்கள் இருவர் சேர்ந்தால் ஒரு சங்கம், மூவர் சேர்ந்தால் இரண்டு சங்கம். தலைவரும் செயலாளரும் பொருளாளரும் ஆண்டுக்கொரு முறை நாற்காலி மாறி உட்காருவார்கள், பொன்னாடை மட்டும் புதிதாக வாங்குவார்கள். இதையெல்லாம் எழுதத் தொடங்கினால் மடல் முடியாது, மரியாதையும் மிஞ்சாது. நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் உழைப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. சம்பளமில்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து, தடத்தை முன்கூட்டியே நடந்து பார்த்து, அட்டை கடித்தவர்களுக்கு உப்பும் குளவி கொட்டியவர்களுக்கு மருந்தும் சுமக்கிறீர்கள். அதனால்தான் வேறு எங்கும் போகாமல் உங்களிடமே கேட்கிறேன்.

வசந்த காலப் பட்டியல் இன்னும் வெளியாகவில்லை என்று அறிகிறேன். அதில் புதியவர்களுக்கான நடைகள் ஸ்டேஷன் வாசலில் தொடங்கட்டும். கூடும் நேரத்தை முடிவு செய்யும் முன் அந்த ஞாயிற்றுக்குத் தண்டவாள வேலை உண்டா என்று ரயில்காரர்களின் செயலியில் யாராவது ஒருவர் பார்த்துவிடட்டும். விண்ணப்பத்தில் "எப்படி வருவீர்கள்?" என்ற வரியைச் சேருங்கள். முடியுமானால், அந்தப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே இருக்கும் சொல்லை அடித்துவிட்டு, "வந்தார், தாமதமாக" என்று எழுதுங்கள். அதற்குத் தனி விதி தேவையில்லை, ஒரு பேனா போதும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டு, ஒரு வரியைவிடச் சற்று நீளமாகப் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விண்ணப்பம் நிலுவையில் உள்ள ஒருத்தி,
டூங்காபி