பர்ஸில் ஓர் அட்டை

ஆசிரியருக்கு,

ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவக் குறிப்பைச் செல்பேசியில் மட்டும் வைத்திருப்பது போதாது. சார்ஜ் தீர்ந்தால் அவ்வளவுதான். பூட்டிய திரையிலும் தெரியும்படி அமைக்காவிட்டால், குறிப்பு இருந்தும் பிறர் பார்க்க முடியாது. பர்ஸில் ஓர் அட்டையும் வேண்டும்.

'மருந்து அலர்ஜி' என்று மொட்டையாக எழுதாதீர்கள். பென்சிலினா ஆஸ்பிரினா, வந்தது தடிப்பா மூச்சுத்திணறலா என்பதுதான் மருத்துவருக்குத் தேவை. 'நீல இன்ஹேலர்' என்றால் யாருக்குப் புரியும்? 'சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம்' என்று மூலப்பெயரும் அளவும் இருக்கட்டும். ரத்த அழுத்தம், இதய நோய்க்குத் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். கடும் ஒவ்வாமையின்போது போடும் அட்ரினலின் ஊசியின் பலனை அது குறைத்துவிடலாம். ஆஸ்துமாவுக்காக ஐசியூவில் இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள். அட்ரினலின் ஊசியைக் கையோடு வைத்திருப்பவர் என்றால் அது பையின் எந்த அறையில் இருக்கிறது, அட்டை எழுதிய தேதி என்ன என்பவையும் அவசியம்.

– மருந்தாளர் ஒருவர்