பியாடகி: ஊரா, மிளகாயா, ஆளின் பெயரா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மிளகாய் வணிகம் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையில் ‘பியாடகி’ என்னும் பெயர் ஓரிடத்தில் சந்தையையும் மற்றோரிடத்தில் சரக்கையும் குறிக்கிறது. பியாடகி என்று விற்கப்படுவதெல்லாம் அவ்வூரில் விளைந்ததே என்று வாசகர் எண்ணிக்கொள்ள இது இடந்தருகிறது.

பியாடகி, கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்திலுள்ள ஒரு வட்டத்தின் தலைமையிடம். அதன் புகழுக்குக் காரணம் வயல்களைவிட அங்குள்ள சந்தையே. தார்வாட், கதக், பல்லாரி, ராய்ச்சூர் முதலிய மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் மூட்டைகள் அங்கே வந்து குவிகின்றன. சுருங்கிய தோலும் அடர்ந்த சிவப்பும் குறைந்த காரமும் கொண்ட அந்த மிளகாயில், ‘டப்பி’ எனப்படும் பருத்த குட்டை வகையும், மெலிந்து நீண்ட மற்றொரு வகையும் உண்டு. நிறத்துக்காகவே வாங்கப்படும் சரக்கு என்பதால், அதன் சாற்றிலிருந்து எடுக்கும் சாயம் உணவுப் பொருள்களோடு உதட்டுச் சாயத்துக்கும் போகிறது. 2011-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் குண்டூர்ச் சந்தையில் கலப்பின விதையில் விளைந்த மிளகாயும் அதே பெயரில் விலை பேசப்படுகிறது. வணிகர் பேச்சில் ‘மிளகாய்’ என்னும் சொல் உதிர்ந்து, ஊர்ப்பெயர் மட்டுமே சரக்கின் பெயராக எஞ்சிவிட்டது. 2023-இல் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு இது நேரவில்லை. அதை ‘முண்டு’ என்கிறார்களே தவிர, ‘ராமநாதபுரம் என்ன விலை?’ என்று யாரும் கேட்பதில்லை.

கட்டுரை தொடாமல் விட்டது மூன்றாவது பயன்பாட்டை. வட கர்நாடகத்தில் ஊர்ப்பெயர் குடும்பப் பெயராக ஆளின் பெயருக்குப் பின்னே நிற்கும். பியாடகி என்ற குடும்பப் பெயரும் அங்கே உண்டு. தார்வாடில் பிறந்த இந்துஸ்தானி இசைக் கலைஞர் கங்குபாய் ஹங்கலின் பெயரில் உள்ள ஹங்கலும் அதே ஹாவேரி மாவட்டத்து ஊர்தான். நம்மவர்களோ செம்மங்குடி சீனிவாச ஐயர், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்று ஊரை முன்னே வைத்தோம். கச்சேரி பேசுவோர் ‘செம்மங்குடி’ என்றால் ஊரை நினைப்பதே இல்லை. ஆனால் நம்மிடம் அந்த ஊர்ப்பெயர் பெரும்பாலும் அவரோடு நின்றுவிடுகிறது. அங்கே, குடும்பம் ஊரைவிட்டுப் பெயர்ந்து பல தலைமுறை ஆனபின்பும் பிள்ளைகளுக்குத் தொடர்கிறது.

ஆகவே, சந்தை நிலவரம் வெளியிடும்போது ‘பியாடகி சந்தை’ என்றோ ‘பியாடகி வகை மிளகாய்’ என்றோ பிரித்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். அப்பெயர் கொண்ட ஒருவரைப் பற்றி எழுத நேர்ந்தால், அவர் அவ்வூரில் பிறந்தவர் என்று முடிவு கட்டாமலும், பெயரின் பின்பகுதியைத் தலைப்பெழுத்தாகச் சுருக்கி முன்னே கொண்டுவராமலும், அவர் எழுதுகிறபடியே அச்சிடுவது முறையாகும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்