முக்காலியில் நிற்கும் இன்னொரு பெட்டி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் ஜிபிஎஸ் நில அளவைக் கருவி வாடகைக்கு எடுப்பவர்கள் பலரும் கேட்பது: "கையில் ஒரு ரிசீவர் இருக்கிறதே, முக்காலியில் இன்னொன்று எதற்கு? அதற்கும் ஏன் வாடகை?" நியாயமான கேள்விதான்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. சிக்னல் வந்துசேர ஆகும் நேரத்தை வைத்துத்தான் ரிசீவர் தூரத்தைக் கணக்கிடுகிறது. அதில் ஒரு நானோ விநாடி பிசகினாலே 30 சென்டிமீட்டர் போச்சு. வழியில் அயனி மண்டலம் (வளிமண்டலத்தின் மேலே உள்ள மின்னூட்டமுள்ள அடுக்கு) வேறு சிக்னலைத் தாமதப்படுத்தும். எல்லாம் சேர்ந்து சில மீட்டர் பிழை. கார் ஓட்ட அது போதும். எல்லைக்கல் நட முடியாது.

முக்காலியில் நிற்பது பேஸ். தான் நிற்கும் இடம் அதற்குத் தெரியும். அந்த இடத்தையும் வானிலிருந்து தனக்குக் கிடைக்கும் அளவுகளையும் ரேடியோவில் அனுப்பிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நீங்கள் பிடித்திருக்கும் ரோவருக்கும் ஏறக்குறைய அதே பிழைதான் என்பதால் கழித்துவிடலாம். கூடவே 19 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலையையே துண்டு துண்டாக அளப்பதால், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரை இறங்க முடிகிறது.

சரி, எங்களுக்கு வந்த ஒரு புகாருக்கு வருவோம். "ஃபிக்ஸ் (சென்டிமீட்டர் துல்லியம் கிடைத்துவிட்டதாகக் கருவி காட்டும் நிலை) வந்தது, ஆனால் எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கமாக இரண்டு மீட்டர் தள்ளி விழுந்திருக்கின்றன." கருவியில் கோளாறு இல்லை. அவசரத்தில் 'இப்போதைய இடம்' என்ற பொத்தானை அழுத்தி பேஸை இயக்கியிருப்பீர்கள். அந்த இடமே சில மீட்டர் பிழையோடு எடுத்ததுதானே? பேஸ் பொய் சொன்னால் ரோவரும் அதே பொய்யைச் சென்டிமீட்டர் சுத்தமாகச் சொல்லும். ஆயத்தொலைவு தெரிந்த புள்ளியில் பேஸை வையுங்கள். ஆன்டெனா உயரத்தைச் சாய்வாக அளந்தீர்களா, நேராகவா என்பதையும் எழுதிவையுங்கள். எங்கள் ஆளே ஒருமுறை இதில் சறுக்கியிருக்கிறார். பேஸிலிருந்து 10, 15 கிலோமீட்டருக்கு மேல் விலகினால் ஃபிக்ஸ் கிடைக்கத் தாமதமாகும்.

ஆழமான குவாரிக்கு மட்டும் எங்கள் பேஸை எடுக்காதீர்கள். அங்கே வானமே கொஞ்சம்தான் தெரியும். செயற்கைக்கோளே தெரியாதபோது எதைத் திருத்துவது? அதற்குச் செயற்கைக்கோள் போலவே சிக்னல் அனுப்பும் தரை டிரான்ஸ்மிட்டர்கள் வேண்டும். 1970களில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் மேலே போகும் முன்பே, அமெரிக்காவின் யூமா பாலைவனத்தில் இப்படித்தான் சோதித்துப் பார்த்தார்கள். எங்களிடம் அது இல்லை.

அப்புறம், புள்ளிகள் தள்ளி விழுந்த வேலையின் கோப்பை அழித்துவிடாதீர்கள். பேஸ் நின்ற இடத்தில் அடையாளம் இருந்தால் போதும், அதன் சரியான ஆயத்தொலைவை எடுத்து மொத்தப் புள்ளிகளையும் இங்கேயே நகர்த்திக் கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
கருவி வாடகைப் பிரிவு