கரையை விட்டுத் தள்ளி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது என்று அலுத்துக்கொள்கிறாய். பாய்மரப் படகில் பயணம் போகும் நாட்களில் எங்கள் இருவருக்கும், மாறி மாறிக் காவல் இருப்பதால், இரவுத் தூக்கமே மூன்று மூன்று மணி நேரத் துண்டுகளாகத்தான். அதைப் பார்த்தால் நீ கொடுத்து வைத்தவள்.

"நடுக்கடலுக்குப் போகாமல் கரையோரமாகத்தானே போகிறீர்கள், அப்புறம் என்ன பயம்?" என்று கேட்டிருக்கிறாய். எங்களுக்குக் கரைதான் பயம். நடுக்கடலில் காற்று தள்ளிக்கொண்டு போனால் போவதற்கு இடம் இருக்கிறது. கரையோரத்தில் காற்று நிலத்தைப் பார்த்து அடித்தால் பாறை நெருங்கிக்கொண்டே வரும். ஆழம் குறையக் குறைய அலையும் உயர்ந்து செங்குத்தாகி உடைந்து விழும். 1895இல் கிளம்பி 1898இல் திரும்பிய ஜோஷுவா ஸ்லோக்கம்தான் தனியாளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் மனிதர். தன் வாழ்நாளின் பெரிய கடல் சாகசம் என்று அவர் சொன்னது, தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருட்டில் பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட இரவைத்தான்.

எங்களுக்கும் போன மாதம் அப்படி ஓர் இரவு வாய்த்தது. காற்றின் வேகம் 15 நாட் (கடலில் வேகத்தைச் சொல்லும் அளவு) என்று வானிலை அறிக்கை சொன்னது. கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனையைச் சுற்றும்போது 30 நாட், அதாவது மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். போதாக்குறைக்கு நீரோட்டம் காற்றுக்கு எதிராக ஓடியது. அப்படி ஓடினால் அலைகள் நெருங்கிக் குத்திட்டு நிற்கும்; ஒன்றின் மேல் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது முகத்தில் அறையும். இவருக்கோ குமட்டல். இத்தனை வருஷமாகியும் அது போகவில்லை, பாவம். இடுப்புக் கயிற்றைப் படகில் மாட்டிக்கொண்டு நான் சுக்கானைப் பிடித்தேன்.

துறைமுக விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்தன. "உள்ளே போயிடலாம்" என்றார் இவர். நான் வேண்டாம் என்றேன். ஓதம், அதாவது கடல்மட்டம், இறங்கிக்கொண்டிருந்த நேரம். வெளியே ஓடும் தண்ணீரும் உள்ளே வரும் அலையும் முகத்துவாரத்தில் மோதி நுரைத்துக் கிடக்கும். அதில் படகு பக்கவாட்டில் திரும்பிவிட்டால் கதை முடிந்தது. சரி என்று உடனே ஒப்புக்கொண்டார். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு: "பாயைக் குறை", "வெளியே நில்" என்று யார் முதலில் சொன்னாலும் அதுதான் முடிவு. வாதமெல்லாம் நங்கூரம் போட்ட பிறகு.

பாயை மிகச் சிறிதாகச் சுருக்கிக்கொண்டு, காற்றுக்கு எதிராகக் கோணல்மாணலாக வெளியே ஏறினோம். பல மணி நேரம் பிடித்தது. இவ்வளவு கஷ்டப்பட்டு ஆபத்தை விட்டு விலகுவதை விளக்கொளியில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் புரியவைக்க முடியாது. போதுமான தூரம் வந்ததும் முன்பாயைக் காற்று வரும் பக்கமாக இழுத்துக் கட்டி, சுக்கானை எதிர்த்திசைக்குத் திருப்பிப் பூட்டினோம். பாய் ஒரு பக்கம் தள்ள, சுக்கான் மறுபக்கம் தள்ள, படகு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே மெல்ல நழுவும். இரைச்சல் பாதியாகிவிடும். இவர் நனைந்த சட்டையோடு தூங்கிப்போனார். கப்பல் விளக்கு ஏதும் தெரிகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காற்று தணிந்து, ஓதம் ஏறத் தொடங்கியதும் உள்ளே போனோம்.

இத்தனை சின்னப் படகில் இரண்டு பேர் சண்டையில்லாமல் எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். சண்டை இல்லாமலா? ஈரத் துணியை எங்கே போடுவது என்பதற்கே ஒரு நாள் பேச்சு நின்றிருக்கிறது. ஆனால் பயணத்தில் நாங்கள் சந்திப்பதே குறைவு. ஒருவர் எழும்போது மற்றவர் படுக்கப் போவார். அதனால் பயணப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்வோம். "இடப்பக்கம் மீன்பிடிப் படகுகள். பிளாஸ்க்கில் தேநீர் இருக்கிறது. உன் குறட்டை இன்ஜினை விட மோசம்" என்று எழுதியிருந்தார் ஒரு நாள்.

இப்போது பெரிய பாயின் தையல் பிரிந்து கிடக்கிறது. கையால் தைத்துக்கொண்டிருக்கிறேன், விரலெல்லாம் குத்து.

ஒரு வாரம் வந்து இருப்பதாகச் சொன்னாயே, எப்போது? சக்கரம் வைத்த பெட்டி மட்டும் வேண்டாம், அதை வைக்க இங்கே இடமே கிடையாது. மடித்துச் சொருகக்கூடிய துணிப்பையாகப் பார்த்துக் கொண்டு வா.

அன்புடன்,
உன் தோழி