பெற்றோருக்கும் ஒரு சீனப் பாடம் தாருங்கள்: பொதுப் பல்கலைக்கழகங்களுக்குத் திறந்த மடல்

மலேசியப் பொதுப் பல்கலைக்கழகங்களில் இலவச இணையப் பாடங்களைத் தயாரிக்கும் விரிவுரையாளர்களுக்கு,

வணக்கம். ஈப்போவிலிருந்து எழுதுகிறேன். என் மகள் சீனப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளியில் அடிக்கடி ‘திங்சியே’, அதாவது சொல்வதெழுதுதல் உண்டு. முதல் நாள் இரவு நான் வாசிக்க வேண்டும், அவள் கட்டம் போட்ட நோட்டில் எழுத வேண்டும். சீன ஒலிப்பை ரோமன் எழுத்தில் காட்டும் பின்யினைப் பார்த்து வாசித்துவிடலாம், தொனிதான் காலை வாரிவிடுகிறது. ‘மாய்’ என்பதை மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குவது, நான்காம் தொனியில் சொன்னால் விற்பது. நான் வாங்கச் சொன்னால் அவள் விற்று வைக்கிறாள். எழுதிய எழுத்தில் கோடுகள் சரியான வரிசையில் விழுந்தனவா என்று பார்க்கவும் எனக்குத் தெரியாது.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. சீனப் பள்ளிகளில் இன்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளை சீனர் அல்லாதவர். பெரும்பாலோர் மலாய்ப் பிள்ளைகள், நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் இணையத்தில் நான் எட்டிப் பார்த்த இலவச மாண்டரின் (பொதுச் சீன மொழி) பாடங்கள் எல்லாம் சுற்றுலாப் பயணிக்கானவை. விமான நிலையம் எங்கே, அறை வாடகை எவ்வளவு, அவ்வளவுதான். ஆசிரியர் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பும் நாலு வரிச் செய்தியைப் படிக்க அவை உதவுவதில்லை.

2014இல் பொதுப் பல்கலைக்கழகங்கள் இலவச இணையப் பாடங்களைத் தொடங்கியபோது, முதல் வரிசையிலேயே இன உறவுகள் பாடமும் வந்தது. நல்ல தொடக்கம். நான் கேட்பது, அந்தப் பாடத்தையும் சீன மொழியையும் ஒன்றாக வைத்து, எங்களைப் போன்ற பெற்றோருக்கென ஒரு பாடம்.

அதில் இனம் பற்றிய பகுதியை நல்லிணக்க அறிவுரையோடு தொடங்காதீர்கள், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பட்டியல்களைத் திரையில் போடுங்கள். நீரிணைக் குடியேற்றங்களில், அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய காலனியில், 1881இல் பிரிட்டிஷார் எடுத்த கணக்கில் பூகிஸ், பாவியான், ஜாவானியர் என்ற தீவுக்கூட்டத்து மக்கள் எல்லாம் தனித்தனி வரிகள். சீனரிலும் ஹொக்கியன், கண்டனீஸ், தியோச்சூ, ஹைனானியர் என்று பிரித்திருந்தார்கள். பத்தே ஆண்டுகளில், 1891இல், இவையெல்லாம் சில பெருந்தலைப்புகளுக்குள் போய்விட்டன. அதில் நமக்குக் கிடைத்த தலைப்பு, ‘தமிழர்களும் இந்தியாவின் பிற மக்களும்’. இன்று படிவத்தில் மலாய், சீனர், இந்தியர், லாயின்-லாயின் (மற்றவர்) என்று இருக்கும் கட்டங்களில் டிக் அடிக்கிறோமே, அவை எந்த அலுவலக மேசையில் உருவானவை என்று என் மகள் படிக்க வேண்டும். காலனிய நீக்கம் என்றதும் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2015இல் பிரிட்டிஷ் காலனியவாதி ரோட்ஸின் சிலையை இறக்கிய கதைக்குப் போய்விடுவார்கள். அதையும் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் மலாய்க்காரர் சோம்பேறி என்று காலனிய முதலாளிகள் கட்டிவிட்ட கதையை 1977இலேயே நூலாக எழுதி உடைத்தவர் சையத் ஹுசேன் அலாத்தாஸ். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். நம் வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டு வெளியூரில் தேடுவானேன்?

மொழிப் பகுதிக்கு வருகிறேன். விளக்கம் தமிழிலும் மலாயிலும் இருக்கட்டும். மாண்டரின்தான் பள்ளிக்கூடத்து மொழி, சரி. ஆனால் ஈப்போ சந்தையில் மீன் வாங்கப் போனால் காதில் விழுவது கண்டனீஸ், பினாங்கில் ஹொக்கியன். இரண்டையும் சரளமாகப் பேசும் தமிழ் வியாபாரிகள் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு வாரங்களுக்காவது அவர்களை அழைத்துப் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். எந்த விரிவுரையாளரைவிடவும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள் என்பது என் எண்ணம்.

அப்புறம், இலவசம் என்றால் கடைசி வரை இலவசமாகவே இருக்கட்டும். பாதி படித்த பிறகு சான்றிதழுக்குக் கட்டணம் கேட்பது, பருவம் முடிந்ததும் காணொளிகளைப் பூட்டிவிடுவது இரண்டும் வேண்டாம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சமைத்து முடித்து, இரவு பத்து மணிக்குமேல் படிப்பவர்கள் நாங்கள். பதினான்கு வாரத்தில் முடிக்க எங்களால் ஆகாது. ஒலிப்பதிவுகளைத் தனியாக இறக்கிக்கொள்ள வழி செய்தால் டேட்டாவும் மிச்சம்.

பாடத்தை வெளியிடுமுன் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால், எங்கள் பெற்றோர் குழுவில் கேளுங்கள். முதல் ஆளாக நான் வருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் அம்மா, ஈப்போ