வீட்டை விற்ற பிறகு எந்த மாநிலத்துக்காரன்?

அன்புள்ள முத்து,

உன் மடல் கிடைத்தது. ஃப்ரீமான்ட் வீடு விலை பேசியாயிற்று, மீனா ஜூனில் வேலையை விடுகிறார், இனி ஊர் ஊராகப் போய் அதிலேயே குடியிருக்க ஃபிஃப்த் வீல் (பிக்கப்பின் பின்தட்டில் மாட்டி இழுக்கும் வீட்டு டிரெய்லர்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாய். மூன்றும் நல்ல செய்தி. இங்கே எல்லாரும் சௌக்கியம்.

"டெக்சஸில் ஒரு முகவரி வாங்கினால் போதுமா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். போதாது. முகவரி வாங்குவது அரை நாள் வேலை. கலிஃபோர்னியாவை விட்டு நீ நிஜமாகவே போய்விட்டாய் என்று காட்டுவதற்குத்தான் உழைப்பு வேண்டும். ஒருவனுக்கு ஒரு நேரத்தில் ஒரே டொமிசைல்தான், அதாவது சட்டம் ஒப்புக்கொள்ளும் நிலையான சொந்த ஊர். புதியது உறுதியாகும்வரை பழையது தானாகவே தொடரும். "நான் ஊர் ஊராகச் சுற்றுகிறேன், எந்த மாநிலத்துக்காரனும் இல்லை" என்ற வாதம் செல்லாது. அப்படிச் சொன்னால் கலிஃபோர்னியா வரித்துறை உன்னைத் தன் ஆளாகவே வைத்துக்கொள்ளும். புதிய மாநிலத்தில் நேரில் கால் வைத்திருக்க வேண்டும், அதுவே இனி என் ஊர் என்ற எண்ணமும் இருக்க வேண்டும். எண்ணத்தை யாரும் பார்க்க முடியாது என்பதால் காகிதங்களைப் பார்க்கிறார்கள். எல்லாக் காகிதமும் ஒரே ஊரைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

முழுநேர ஆர்.வி.காரர்கள், அதாவது வீட்டு வண்டியிலேயே வாழ்பவர்கள், பெரும்பாலும் போவது மூன்று மாநிலங்களுக்கு: சவுத் டகோட்டா, டெக்சஸ், ஃபுளோரிடா. மூன்றிலும் மாநில வருமான வரி கிடையாது. சவுத் டகோட்டாதான் இருப்பதில் சுலபம். அங்கே ஓர் இரவு தங்கிய ரசீது, தபால் சேவை முகவரி, ஓர் உறுதிமொழிப் படிவம் இருந்தால் லைசென்ஸ் கிடைக்கும். வண்டி வரி 4 சதவீதம்தான். ஆனால் 2023-ல் வாக்காளர் சட்டத்தை இறுக்கி, பதிவு செய்ய 30 நாள் வசிப்பு வேண்டும் என்று ஆக்கினார்கள். பெட்டி முகவரிக்காரர்கள் மேல் அங்கே அரசியல் கண் விழுந்துவிட்டது. ஃபுளோரிடாவில் கவுன்டி கிளார்க்கிடம் டொமிசைல் பிரகடனம் என்ற ஒன்றைப் பதிவு செய்யலாம். அது நல்ல ஆதாரம். இன்ஷூரன்ஸ் விலைதான் அங்கே கண்ணைக் கரிக்கும்.

உனக்கு டெக்சஸ் என்று நான் சொல்வதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. கலிஃபோர்னியாவைப் போலவே டெக்சஸும் கணவன் மனைவி சேர்த்த சொத்தை இருவருக்கும் பொதுவாகப் பார்க்கிற மாநிலம். இருவரில் ஒருவர் காலமானால் பொதுச் சொத்தான பங்குகளின் அடக்கவிலை (விற்கும்போது லாபத்தையும் வரியையும் கணக்கிட எடுக்கும் விலை) முழுவதுமே அன்றைய சந்தை விலைக்கு உயரும். மற்ற இரண்டு மாநிலங்களின் பொதுவான சட்டத்தில் பாதிக்குத்தான் அந்தச் சலுகை. முப்பது வருடம் சேர்த்த கம்பெனிப் பங்கு வைத்திருப்பவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

டெக்சஸில் வரிசை முக்கியம். வரிசை மாறினால் கவுன்டரில் திருப்பி அனுப்புவார்கள்.

முதலில் தபால். போல்க் மாவட்டத்து லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் சங்கத்தின் தபால் சேவை இருக்கிறது. 1978-ல் தொடங்கிய ஆர்.வி.காரர் சங்கம் அது. அந்த ஊர் அலுவலகங்களுக்கு இந்த வகை முகவரி பழகிப்போன ஒன்று, அதனால்தான் அதைச் சொல்கிறேன். பெரிய நகரத்துக் கடையில் வாடகைக்கு எடுத்த பெட்டி எண்ணைக் கொண்டுபோனால் லைசென்ஸ் அலுவலகத்தில் இழுபறி ஆகலாம். தபால் துறையின் படிவம் 1583-ஐ நீயும் மீனாவும் தனித்தனியாக நிரப்பி, நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். புகைப்பட அடையாளம் ஒன்று, முகவரி காட்டும் அடையாளம் ஒன்று வேண்டும். ஒன்றை மனதில் வை: பிற்பாடு இந்தச் சேவையை விட்டு வேறிடம் போனால், தபால் நிலையத்தில் முகவரி மாற்றம் எழுதிக் கொடுத்துத் தப்ப முடியாது. இப்படிப்பட்ட பெட்டியிலிருந்து அவர்கள் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நீயே எழுத வேண்டும். ஆகவே சேவையை யோசித்துத் தேர்ந்தெடு.

இரண்டாவது இன்ஷூரன்ஸ். பிக்கப்புக்கு டெக்சஸ் பாலிசி, குறைந்தபட்சம் 30/60/25 (ஆயிரம் டாலரில்: ஒருவரின் காயத்துக்கு, ஒரு விபத்தின் மொத்தக் காயங்களுக்கு, பிறர் பொருள் சேதத்துக்கு). டிரெய்லருக்குச் சாதாரண விடுமுறைப் பாலிசி எடுத்துவிடாதே. அதில் வசிப்பவர்களுக்கென்று முழுநேரப் பாலிசி தனியாக இருக்கிறது. வீட்டு இன்ஷூரன்ஸ் தருகிற பொறுப்புக் காப்பு அதில்தான் வரும். வருடம் முழுக்க அதில்தான் குடியிருக்கிறோம் என்பதை மறைத்தால், இழப்பீடு கேட்கும் நாளில் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள்.

மூன்றாவது வண்டிப் பதிவு. டெக்சஸில் இது லைசென்ஸ் அலுவலகத்தில் நடக்காது. கவுன்டி வரி அலுவலகத்தில் படிவம் 130-யூ கொடுத்துச் செய்ய வேண்டும். குடிவந்து 30 நாளுக்குள் செய்துவிடு. பிக்கப் ஏற்கெனவே கலிஃபோர்னியாவில் உன் பேரில் பதிவானது என்பதால் புதுக் குடியேறிக்கான 90 டாலர் வரியோடு முடியும். 2025 ஜனவரி 1 முதல் சாதாரண வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனை கிடையாது. அதற்கு ஈடாக 7.50 டாலர் மட்டும் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து வாங்குகிறார்கள். புகைச் சோதனை பெருநகர மாவட்டங்களுக்கு மட்டும். போல்க் அதில் இல்லை. பிக்கப் கடனில் இருந்தால் டைட்டில் என்ற உரிமைப் பத்திரம் வங்கியிடம் இருக்கும், இப்போதே அவர்களுக்கு எழுதிவிடு. வாரக்கணக்கில் இழுக்கிற ஒரே கட்டம் இதுதான்.

டிரெய்லரை இன்னும் வாங்கவில்லை என்றாயே, பொறு. ஃப்ரீமான்டில் விற்பனை வரி 10 சதவீதத்துக்கு மேல். டெக்சஸில் குடியேறிய பின் அங்கேயே வாங்கிப் பதிந்தால் 6.25. 90,000 டாலர் டிரெய்லரில் சுமார் 3,500 டாலர் மிச்சம்.

நான்காவதுதான் லைசென்ஸ். 90 நாள் அவகாசம் உண்டு. புதிதாக வந்தவர்களிடம் வண்டி டெக்சஸில் பதிவானதற்கான ஆதாரம் கேட்பதால்தான் முந்தையதை முதலில் முடிக்கச் சொன்னேன். வசிப்பு ஆதாரம் இரண்டு வேண்டும், வெவ்வேறு இடத்திலிருந்து: வண்டிப் பதிவும் இன்ஷூரன்ஸும் போதும், இரண்டிலும் அதே முகவரி, பெட்டி எண் உட்பட ஓர் எழுத்து மாறாமல். 30 நாள் வசித்திருக்க வேண்டும் என்ற விதி, செல்லுபடியாகும் பழைய மாநில லைசென்ஸை ஒப்படைப்பவர்களுக்கு இல்லை. கட்டணம் 33 டாலர், 8 ஆண்டுக்கு. நேரத்தை ஆன்லைனில் முன்பதிவு செய். ஹூஸ்டன் பக்கம் கூட்டம் அதிகம், சிறிய ஊர்களில் சீக்கிரம் கிடைக்கும்.

நம்மவர்கள் இடறுகிற இடம் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, சோஷியல் செக்யூரிட்டியில் இனிஷியலாக, குடியுரிமைச் சான்றிதழில் இன்னொரு மாதிரியாக. ரியல் ஐடி என்ற மத்திய அரசின் அடையாள அட்டை விதி வந்தபின் இதைக் கண்டுகொள்ளாமல் விடுவதில்லை. மீனாவின் பெயர் கல்யாணத்துக்குப் பின் மாறியிருந்தால் திருமணச் சான்றிதழ் கேட்பார்கள்; ஊரில் பதிவு செய்தது தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கையோடு கொண்டுபோ. சோஷியல் செக்யூரிட்டியில் திருத்தம் தேவைப்பட்டால் கலிஃபோர்னியாவில் இருக்கும்போதே முடித்துவிடு.

எடையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சவுத் டகோட்டாவும் ஃபுளோரிடாவும் ஆர்.வி.க்குத் தனி லைசென்ஸ் கேட்பதில்லை. டெக்சஸ் கேட்கும். இழுக்கும் வண்டி, இழுபடும் வண்டி இரண்டின் உச்ச எடை வரம்பும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டி, டிரெய்லர் மட்டும் 10,000-க்கு மேல் இருந்தால் வணிகம் சாராத கிளாஸ் ஏ லைசென்ஸ் வேண்டும். கணக்கிடுவது ஸ்டிக்கரில் அச்சடித்த வரம்பைத்தான். அன்றைக்கு ஏற்றியிருக்கும் எடையை அல்ல. 14,000 வரம்புள்ள ஒரு டன் பிக்கப்பும் 16,000 வரம்புள்ள ஃபிஃப்த் வீலும் சேர்ந்தால் 30,000: எழுத்துத் தேர்வு, பிறகு அதே மாதிரி வண்டியில் ஓட்டும் தேர்வு. முதலில் சாதாரண கார் லைசென்ஸான கிளாஸ் சி-யை மாற்றிக்கொள், டிரெய்லர் கைக்கு வருமுன் கிளாஸ் ஏ-வுக்குப் படி. தகுந்த லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரன் முதலில் தேடுவது அதைத்தான்.

வாக்காளர் பதிவை லைசென்ஸ் கவுன்டரிலேயே கேட்டுச் செய். வாக்காளர் பட்டியல், லைசென்ஸ் பட்டியல் இரண்டிலிருந்தும்தான் ஜூரிக்கு ஆள் எடுப்பார்கள். அழைப்பு பெட்டிக்குத்தான் வரும்; தபால் சேவை அனுப்பும் ஸ்கேனில் பார்த்ததும் பதில் போடு, சும்மா விடாதே.

இனி மருத்துவக் காப்பு. இந்தத் திட்டத்தையே புரட்டிப் போடக்கூடியது இது ஒன்றுதான். உனக்கு 66, கைசர் நிறுவனத்தின் மெடிகேர் அட்வான்டேஜில் (மூத்தோருக்கான அரசு மெடிகேரைத் தனியார் நிறுவனம் நடத்தும் வடிவம்) இருக்கிறாய். டெக்சஸில் கைசர் இல்லை. அட்வான்டேஜ் திட்டங்கள் எல்லாமே ஒரு பகுதிக்குள் அடைபட்டவை. மாநிலம் மாநிலமாகப் போகிறவனுக்குச் சரிப்படாது. அசல் மெடிகேர் நாடு முழுக்கச் செல்லும். சேவைப் பகுதியை விட்டு வெளியேறுவதால் உனக்கு ஒரு நல்ல வாய்ப்பு கிடைக்கிறது: பழைய காப்பு முடிந்து 63 நாளுக்குள், அசல் மெடிகேர் விடும் செலவை ஏற்கும் மெடிகேப் பாலிசிக்கு விண்ணப்பித்தால், உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. உனக்குச் சர்க்கரை இருக்கிறது; இந்தக் கெடுவைத் தவறவிட்டால் டெக்சஸில் கதவு மூடிவிடலாம்.

மீனாவுக்கு 61. மெடிகேர் வயது வராதவர் தாமே வாங்கும் மார்க்கெட்பிளேஸ் காப்புத் திட்டம் ஜிப் கோடை வைத்து மாவட்டவாரியாக வரும். டெக்சஸில் கிடைப்பவை பெரும்பாலும் குறுகிய வட்டத்துக்குள் இயங்குபவை, அவசர சிகிச்சை தவிர வெளிமாநிலத்தில் உதவாது. அவருடைய அலுவலகத் திட்டம் நாடு தழுவிய பி.பி.ஓ.வாக (விரும்பிய டாக்டரைப் பார்க்கவிடும் வகை) இருந்தால், வேலையை விட்ட பின்னும் அதே காப்பைத் தொடரவிடும் கோப்ரா சட்டப்படி 18 மாதம் தொடரலாம். முழுப் பிரீமியமும் அதற்கு மேல் 2 சதவீதமும் கட்ட வேண்டும்; விலையைப் பார்த்து மலைக்காதே, போகும் இடமெல்லாம் டாக்டரைப் பார்க்கலாம் என்பதோடு சேர்த்துக் கணக்குப் போடு. முகவரி மாற்றுமுன் போல்க் மாவட்ட ஜிப் கோடை இட்டு, என்னென்ன திட்டம் வருகிறது என்று பார்த்துவிடு.

கலிஃபோர்னியாவுக்கு வருவோம். வீடு விற்கும்போது எஸ்க்ரோவில் (பணத்தையும் பத்திரத்தையும் கைமாற்றும் நடுநிலை அலுவலகம்) படிவம் 593 வரும். அது நீ குடியிருந்த வீடு என்று அதில் சான்றளிக்காவிட்டால் விற்பனை விலையில் 3⅓ சதவீதத்தைப் பிடித்துவைப்பார்கள். லாபத்தில் இருவருக்கும் சேர்த்து 5 லட்சம் டாலர் வரை விலக்கு. மிச்ச லாபத்துக்கு நீ எந்த மாநிலத்தில் இருந்தாலும் கலிஃபோர்னியா வரி உண்டு, நிலம் அங்கே இருப்பதால். ஆர்.எஸ்.யு. (கம்பெனி சம்பளத்தோடு தவணையாகத் தரும் பங்கு) பாக்கி இருந்தால், தந்த நாளிலிருந்து கைக்கு வந்த நாள்வரை அங்கே உழைத்த பங்குக்கும் வரி உண்டு. ஆனால் 401(கே), ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகள், பென்ஷன் மூன்றையும் தொட முடியாது. வேறு மாநிலத்துக்குப் போனவரின் ஓய்வூதிய வருமானத்தின்மேல் பழைய மாநிலம் வரி போடக்கூடாதென்று 1996-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. "கலிஃபோர்னியாவில் சம்பாதித்த 401(கே) அவர்களுக்கே" என்று உன் நண்பர் சொன்னது தவறு.

கிளம்பும் வருடத்துக்குக் கலிஃபோர்னியாவில் 540என்.ஆர். (வருடத்தில் பாதியில் வெளியேறியவருக்கான வரிப் படிவம்) தாக்கல் செய். மாறிய தேதியாக டெக்சஸ் லைசென்ஸ் எடுத்த நாளுக்கு ஒட்டிய நாளைப் போடு. அங்குள்ள வாக்காளர் பதிவு ரத்தாக வேண்டும், வங்கி லாக்கரைக் காலி செய்ய வேண்டும், பல் டாக்டர் கோப்பைக்கூடக் கேட்டு வாங்கிக்கொள். வரித்துறை பார்க்கும் அடையாளங்களில் வழிபாட்டுத் தலமும் சங்கங்களும் உண்டு. லிவர்மோர் கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. கமிட்டிப் பொறுப்பை மட்டும் ஒப்படைத்துவிடு.

அதைவிட ஆபத்து உன் மகள் வீட்டு டிரைவ்வே. பேரன் இருக்கிறான், மாதக்கணக்கில் வண்டியை அங்கே நிறுத்த ஆசை வரும். ஒரு வருடத்தில் ஒன்பது மாதத்துக்கு மேல் இருந்தால் நீ அங்கேயே வசிப்பவன் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆறு மாதத்துக்குள் என்ற சலுகை விதி ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது சொந்த மாநிலத்தில் நிரந்தர வீடு உள்ளவருக்கானது. பெட்டி முகவரி வீடாகாது. அதனால் நீ மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் தங்க வேண்டும். மூன்று மாதத்தைத் தாண்டாதே என்பது என் அபிப்பிராயம், சட்டம் சொல்லும் எண் அல்ல. முகாம் ரசீதுகளைத் தேதிவாரியாகச் சேர்த்து வை, வருடத்தில் சில வாரமாவது டெக்சஸில் தங்கு.

சில்லறை வேலைகள்: மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு முகவரி மாற்றப் படிவம் 8822, ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளியினர் அட்டை) தளத்தில் முகவரி, ஊரில் என்.ஆர்.ஈ. (வெளிநாட்டில் வசிப்பவருக்கான) கணக்கு வைத்திருக்கும் வங்கி. இங்குள்ள வங்கிகள் சிலசமயம் பெட்டி முகவரியை ஏற்காமல் குடியிருப்பு முகவரி கேட்கும். அப்படி ஒன்று இல்லாதவர் நெருங்கிய உறவினரின் முகவரியைத் தரலாம் என்று விதியிலேயே இருக்கிறது; ஆனால் மகளின் கலிஃபோர்னியா முகவரியைக் கொடுத்துவிடாதே, ஆஸ்டினில் இருக்கும் உன் தம்பியின் முகவரியைக் கொடு. உயில், மருத்துவப் பவர் (நம்மால் முடியாதபோது சிகிச்சை முடிவை இன்னொருவர் எடுக்கத் தரும் அதிகாரப் பத்திரம்) இரண்டையும் டெக்சஸ் வக்கீலிடம் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

பிக்கப் கதவு ஸ்டிக்கரிலும், பார்த்து வைத்திருக்கும் டிரெய்லரின் பக்கவாட்டு ஸ்டிக்கரிலும் உச்ச எடை வரம்பு என்ன போட்டிருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பு. கூட்டல் 26,000-க்குக் கொஞ்சம்தான் மேலே என்றால் ஓர் அளவு சிறிய டிரெய்லராகப் பார்க்கலாம். மீனாவின் அலுவலகத் திட்டத்தின் பெயரையும் எழுது. முன்பணம் எதுவும் அதற்குள் கட்டிவிடாதே.

அன்புடன்,
சபாபதி