மறையூர்ப் பயணம் பற்றி மகளுக்கு

உடுமலைப்பேட்டை

அன்பு மகளுக்கு,

ஆயுத பூசை விடுமுறைக்கு மாப்பிள்ளையோடும் சம்பந்தி வீட்டாரோடும் மூணாறு போகிற வழியில் மறையூரை ஓர் எட்டுப் பார்த்துவிட்டுச் செல்லப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். அந்தப் பள்ளத்தாக்கு ஓர் எட்டுப் பார்க்கிற இடமன்று, கண்ணு. ஓர் இரவாவது அங்கே தங்குங்கள்.

ஆனைமுடியும் அதைச் சார்ந்த மலைகளும் தென்மேற்குக் காற்றை மறிப்பதால், ஆடியில் மூணாறு மழையில் நனையும்போதும் மறையூருக்குக் கீழே, நீங்கள் போகும் வழியில் உள்ள சின்னாறு வனப்பகுதி முட்காடாய்க் காய்ந்திருக்கும். அங்கே மழை வலுப்பது நம் ஊரைப் போலவே ஐப்பசியில்தான். நீங்கள் போவது அதை ஒட்டிய காலம் என்பதால் குடையும் கம்பளியும் அவசியம்.

ஒன்பதாறு சோதனைச்சாவடிக்கும் சின்னாறுக்கும் இடையே முழுவதும் காடு. தண்ணீர் குடிக்க அமராவதி அணைப்பக்கம் இறங்கும் யானைகள் மாலையில் சாலையைக் கடக்கும். ஆகவே நன்றாக விடிந்த பிறகு நுழைந்து, திரும்பும்போது ஐந்து மணிக்குள் காட்டைத் தாண்டிவிடுங்கள். யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், பின்னால் எடுக்க இடம் வைத்துத் தொலைவிலேயே வண்டியை நிறுத்தும்படி மாப்பிள்ளையிடம் சொல். படம் எடுக்க யாரும் கீழே இறங்க வேண்டாம். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. பெட்ரோலையும் உடுமலையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சின்னாறுக்கு மேல் வளைவுகள் அதிகம் என்பதால், சம்பந்தியம்மாவை முன் இருக்கையில் உட்காரவை.

மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி வேறு ஊர் வெல்லத்தை விற்பவர்களும் உண்டு. கரும்பு வைத்துப் பிழைக்கிற நமக்கு அது மனம் பொறுக்கிற காரியமா? சாலையோரக் கடையை விட்டுவிட்டு, வயல் நடுவே புகை கிளம்பும் ஆலைக்கொட்டகைக்கே போ. கரும்புச் சக்கையை எரித்துக் கொப்பரையில் பாகு காய்ச்சி, மரத்தொட்டியில் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் கையாலேயே உருண்டை பிடிப்பார்கள். அடர்ந்த பழுப்பு நிறமும், உருண்டையின்மேல் பதிந்த விரல் தடமும் பார்த்து வாங்கு.

கோவில்கடவுக்கு அருகே பாறைமேல் உள்ள முனியறைகளை, அதாவது கற்பலகைகளால் ஆன பழங்காலக் கல்லறைகளை, குழந்தைகளுக்குக் காட்டு, கற்கள்மேல் ஏறவிடாதே. சந்தனக் காட்டில் ஒரு சுள்ளியைக்கூடப் பொறுக்கக் கூடாது. சின்னாறில் நடந்து பார்க்க விரும்பினால் வனத்துறை வழிகாட்டியோடு மட்டும் செல்லுங்கள். காந்தளூர் ஏறினால் அம்மாவுக்கு இரண்டு கிலோ மலைப்பூண்டு வாங்கி வா.

இப்படிக்கு,
அப்பா